மூன்றடி நிலம்

புரட்டாதி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தவர் அடிக்கொருதரம் வானத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நாடு நமது நாடு. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வந்து விழும் மழையைத்தான் நிலம் குடித்துவைத்து, மீதி மாதங்களுக்குக் கிணற்றின் வழியே நமக்குத் தருகின்றது. சோளகம் தணிந்தும் வாடை இன்னும் எழாதிருக்கும் இந்த இடைக்காலத்தில் வளவு வேலைகள் ஒருங்கே வந்து குவிகின்றன. கிணறு கலக்கி இறைக்க வேண்டும். வேலி அடைக்க வேண்டும். குழை வெட்டித் தாழ்க்க வேண்டும். பனங்கொட்டை சேர்த்துப் பாத்தி போட வேண்டும். முழுநேரக் கமக்காரனுக்கே மூச்சு வாங்கும் மாதம் இது. வெள்ளிக்கிழமை வரை கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டுச் சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் தோட்டம் செய்யப் புறப்படும் என் போன்றவன் பாட்டை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் வளவு மயிலிட்டியில் இருக்கின்றது. நாங்கள் குடியிருப்பதோ மல்லாகத்தில், வாடகை வீட்டில். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு எழுந்தபோது நான் பத்து வயதுச் சிறுவன். கையில் என் புத்தகப் பை; அம்மாவின் இடுப்பில் தம்பி; அப்பாவின் சட்டைக்குள் காணி உறுதி. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துவைத்து வந்தோம். துறைமுகமும் அதனையடுத்த நிலமும் 2017 ஜூலையில் விடுபட்டன. எங்கள் குறிச்சி 2018 ஏப்ரல் 13ஆம் நாள் வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டபோது அதனுள் வந்தது. 28 ஆண்டுக்கு இரண்டு மாதம் குறைவு. இன்றும் தம் காணியை முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்துச் செல்வோர் எம்மவரிடையே இருக்கின்றனர் என்பதை எண்ணினால், நான் வேலைப்பளு என்று முறையிடுவது அழகன்று.

முதன்முதல் போனபோது வீடு இருந்த இடத்தை அம்மாவே கண்டுபிடித்தார். மண்ணைக் காலால் ஒதுக்கி, சிவப்புச் சீமெந்துத் துண்டொன்றை எடுத்து, "இது எங்கடை விறாந்தை" என்றார். இயந்திரம் வைத்து வீட்டையும் முன்வேலியையும் தள்ளி நிரவியிருந்தார்கள். 21 பனையில் நாலு மிஞ்சியிருந்தன. இப்பிலிப்பில் காடாகி நின்றது; அதனடியில் பார்த்தீனியம். இந்தப் பார்த்தீனியம் 1980களின் இறுதியில் அமைதிப்படையினருக்கு வந்த ஆடுகளோடு வந்து இறங்கியதென்பர். யாரோடு வந்ததாயினும் போக மறுக்கின்றது. பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் பிடுங்கினால் இரவு முழுதும் தோல் சொறியும். மிதிவெடி அகற்றியாயிற்று என்று சான்று கிடைத்த பின்னரும், முதல்முறை மண்வெட்டியை ஓங்கியபோது என் கை நடுங்கியதை இங்கே மறைப்பதற்கில்லை.

இடிபடாமல் எஞ்சியது ஒன்றுண்டு. வளவின் கீழ்ப்பக்க வேலி. அதனை வேலி என்று சொல்வதும் இப்போது பொருந்தாது. 1990இல் தோளுயரக் கதியால்களாக நின்ற கிளுவைகள், வெட்டுவாரும் கட்டுவாரும் இன்றி, 120 அடி நீளத்துக்கு வரிசை மரங்களாகி நின்றன. அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கிழமை எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1707இல் நமது தேசவழமையைத் தொகுப்பித்தபோது காணியும் தோட்டமும் பற்றித் தனிப் பிரிவே வைக்க வேண்டியிருந்தது. வேலி அடைப்பதென்பது ஓலையை மாற்றிக் கட்டுவது மாத்திரமன்று. பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதியதை நாட்டுவதுமாகும். நாட்டும்போது கை நாலு விரற்கடை அப்பால் போய்விடும். அடுத்த ஆண்டு அயலவன் கை நாலு விரற்கடை இப்பால் வரும். இப்படியே கதியால்கள் நடை பயின்று, நியாயதுரந்தரர்களின் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கீழ்வளவுப் பெரியப்பா எங்கள் அப்பாமேல் வழக்கு வைத்தார். அப்பா மூன்று அடி நிலத்தை வேலியோடு தள்ளிப் பிடித்துவிட்டார் என்பது அவர் முறைப்பாடு. 1990 ஜூன் மாதத்தில் வழக்குத் தவணையில் இருந்தது. தவணை வருமுன் ஊரே போய்விட்டது.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஊரைவிட்டு ஓடிய இரு குடும்பமும் ஒரு பாடசாலையின் ஒரே வகுப்பறையில் வந்து ஒதுங்க நேர்ந்தது. அம்மா தம் சேலையொன்றை நடுவே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சேலைக்கு அந்தப் பக்கமிருந்து கஞ்சி வரும். இந்தப் பக்கமிருந்து சீனி போகும். ஆடவர் இருவரும் நாலு மாதம் ஒரு சொற் பேசவில்லை. 2004இல் அப்பா காலமானபோது பெரியப்பா சுடலைவரை வந்தார், வீட்டுக்குள் வரவில்லை.

அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் வயது. பிள்ளைகள் நால்வரும் கடல் கடந்து இருக்க, சென்ற ஆண்டு தகரக் கூரையில் ஓரறை வீடு கட்டிக்கொண்டு தம் வளவுக்குத் தனியே வந்து சேர்ந்தார். அவர் வந்த பின் எல்லை பார்க்காமல் வேலி போட முடியாது என்ற நிலை எனக்கு ஏற்பட்டது. நில அளவையாளர் ஒருவரை அழைத்தேன். தென்மேற்கு மூலையில் எல்லைக்கல் ஒன்று மண்ணுக்குள் முழுதாகவே இருந்தது. அதனையும் கிணற்றையும் ஒழுங்கையின் விளிம்பையும் கொண்டு 1962ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு அளந்த அவர், ஆவணி மாதக் கடைசியில் முடிவைத் தந்தார். கிளுவை வரிசை எல்லைக்கு மூன்றடி அப்பால் நின்றது. வழக்கு நடந்திருந்தால் அப்பா தோற்றிருப்பார்.

மூன்றடி அகலம், 120 அடி நீளம். எங்கள் பக்கத்துக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்; ஒரு பரப்பில் ஒரு சிறு பங்குதான். எங்கள் வளவு எட்டுப் பரப்பு. ஆயினும் அந்தக் கடதாசியை மூன்று கிழமை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். கனடாவிலிருக்கும் தம்பிக்கு மட்டும் சொன்னேன். "கிழவருக்குப் பிறகு அந்தக் காணிக்கு ஆர் வரப்போகினம்? பேசாமல் மரம் நிக்கிற இடத்திலை வேலியைப் போடு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லையென்றாலும் வசதி இருந்தது. நானும் வசதியின் பக்கமே சாய்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

சென்ற சனிக்கிழமை புரட்டாதிச் சனி. அம்மா விரதம். விடியுமுன் எழுந்து எள்ளெண்ணெயும் அரிசியும் கறிவகையும் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். மாவிட்டபுரம் தாண்டிக் காங்கேசன்துறைக்குப் போய்க் கிழக்கே திரும்பினால், 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை தெரியும். அதனைக் கடந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். அம்மா அவ்விடத்தில் ஒவ்வொரு முறையும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அன்றைக்குக் கிணறு இறைப்பு. எங்கள் கிணற்றைத் துப்புரவாக்கவே இரண்டு கோடை சென்றது. கல்லும் கம்பியும் தகரமும் ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, நீர் ஆகக் கீழே நிற்கும் இம்மாதத்தில் இறைத்துச் சேற்றை அள்ளிவிட்டால் மழைநீர் ஊறுவதற்கு வழி திறக்கும். இறைப்பிலும் ஓர் அளவு உண்டு. எமது நன்னீர் சுண்ணாம்புக்கற் பொந்துகளில் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்குமென்பது பௌதிகம். மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டால் கீழே உவர் 40 அடி ஏறிவரும் என்பதும் அதே பௌதிகமே. துலா மிதித்த காலத்தில் மனிதக் கால் களைத்து நிறுத்திவிடும். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே சேற்றை அள்ளும் அளவுக்கு இறைத்து நிறுத்திவிட்டு, ஊறி வந்த முதல் வாளியை அம்மாவிடம் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்து, சற்றுப் பொறுத்து, "நல்ல தண்ணி" என்றார். நீர்ப் பரிசோதனைக்கு நான் போத்தலில் எடுத்துவைத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

மத்தியானம் கொட்டிலில் சமைத்து, எள்ளெண்ணெய்ச் சட்டி எரித்து, வாழையிலையில் காகத்துக்குச் சோறு வைத்தார். காகம் வராமல் அம்மா உண்ணமாட்டார். முதலாண்டு வைத்தபோது மாலை மூன்று மணிவரை ஒன்றும் வரவில்லை. மனிதர் இல்லாத ஊரில் காகத்துக்கு என்ன வேலை? இம்முறை "கா" என்று ஒரு குரல் கொடுத்த உடனே கிளுவை மரத்திலிருந்து ஏழெட்டு இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஏனோ, என் வாய் திறந்தது. அளவையாளர் சொன்னதைச் சொன்னேன்.

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி."

"எப்படித் தெரியும்?"

"மூண்டு வரியம், வரியத்துக்கு ஒரு அடி. மழை விழுந்து மண் இளகின இரவிலை அப்பாதான் கதியாலைப் பிடுங்கி நட்டவர். நான் விளக்குப் பிடிச்சனான்."

அப்பா கள்வரல்லர். ஊர்க்கோயிற் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்தவர். பிறகு அம்மா சொன்னவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது: எங்கள் பாட்டனார் காலத்து உறுதியில் எல்லையை அடிக் கணக்கில் எழுதவில்லை, கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, எல்லையில் நிற்கும் பூவரசு உட்பட என்று எழுதியிருந்தது. பழைய உறுதிகள் அப்படித்தான். 1962இல் படம் கீறியபோது அந்தப் பூவரசு கீழ்வளவுக்குப் போய்விட்டது. தாத்தா விட்டுவிட்டார். அப்பாவால் விட முடியவில்லை. மரம் நின்ற இடம்வரை தம்முடையது என்று மெய்யாகவே நம்பினார். நம்பிக்கை அவ்வளவு உறுதியாயின் இரவில் ஏன் நட்டார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. விளக்குப் பிடித்தவரிடம் அதனைக் கேட்பது எப்படி?

மாலையில் கடதாசியை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா தம் கொட்டிலின் முன் கருக்குமட்டை சீவிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை வரவழைத்து, படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். நான் நெகிழ்ச்சியான வார்த்தை ஏதேனும் வருமென்று எதிர்பார்த்திருந்தேன்போலும்.

"அப்ப வழக்கிலை நான் வெண்டிட்டன்" என்றார்.

"ஓம், பெரியப்பா."

"கொப்பர் இருந்தால் இதைக் கொண்டுவந்து காட்டியிருப்பாரோ?"

"இல்லை."

"நானும் காட்டியிரன்" என்று சொல்லி மீண்டும் மட்டையைச் சீவத் தொடங்கினார். தேநீர் தரவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் சங்கடமாயிருந்திருக்கும். நான் திரும்பி நடக்கும்போது, "காலமை ஆறு மணிக்குக் கயிறு கொண்டுவா" என்ற குரல் மாத்திரம் பின்னால் வந்தது.

அன்றிரவு அம்மாவின் பிடிவாதத்தால் கொட்டிலிலேயே தங்கினோம். மயிலிட்டித் துறையிலிருந்து படகுகள் வெளிக்கிடும் ஓசை நடுச்சாமத்தில் கேட்டது. சிறுவயதில் தாலாட்டாயிருந்த ஓசை; இப்போது தூக்கத்தைக் கெடுத்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் கையில் கத்தியோடு நின்றார். கயிற்றின் ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை நான் பிடிக்க, அளவையாளர் அறைந்த முளைகளினூடே 120 அடிக்கும் இழுத்துக் கட்டினோம். அவர் இரு தடவை குனிந்து முளையை ஆட்டிப் பார்த்தார். பிறகு கிளுவைகளிடம் போனார். கயிற்றின்படி மரங்கள் யாவும் இப்போது அவருடையவை. ஒரே வெட்டாகத் தறித்துவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது; அத்தனை ஆண்டு எவர் கையும் படாமல் வளர்ந்த மரங்கள் எம் ஊரில் எத்தனை இருக்கின்றன? அவர் தறிக்கவில்லை. ஏணி சாத்தி, கைத்தடிப் பருமனுள்ள நேர்க்கொப்புகளாகப் பார்த்துப் பார்த்து வெட்டி இறக்கினார். கிளுவைக்கு விதை தேடவேண்டியதில்லை. கொப்பை வெட்டிச் சில நாள் நிழலில் கிடத்தி, மண் நனைந்ததும் நட்டால் வேரோடும். அப்பா தள்ளி நட்ட வேலியிலிருந்தே புதிய வேலிக்கு நூற்றுக்கு மேற்பட்ட கதியால்கள் கிடைத்தன. குழையை அவருடைய ஆடு தின்றது.

கொப்பு வெட்டி முடிந்ததும் ஒரு கணமும் தாமதியாமல், மீட்ட நிலத்தை மண்வெட்டியால் கொத்தத் தொடங்கிவிட்டார். கயிற்றுக்கும் மரவரிசைக்கும் இடைப்பட்ட அந்த மூன்றடியில் பனம்பாத்தி போடப் போகின்றாராம். "உங்களட்டைக் கொட்டை கிடக்கோ?" என்று என்னைக் கேட்டார்! கேட்டு வாய் மூடுமுன் அம்மா கடகத்தோடு வந்துவிட்டார்.

பனம்பழக் காலம் முடியும் தறுவாய். பனாட்டுக்குப் பிழிந்தெடுத்த கொட்டைகளை அம்மா ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தார். எங்கள் செம்மண் கெட்டிப்பட்டது; கிழங்கு இறங்காது. எனவே இளக்கமான மண்ணை உயர்த்தி அணைகட்டி, மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண்ணால் மூட வேண்டும். மழை கண்டதும் முளை கீழ்நோக்கி இறங்கி, தை, மாசியில் கிழங்காகும். மூவரும் அடுக்கினோம். அம்மாவும் பெரியப்பாவும் கொட்டையின் எந்தப் பக்கம் கீழே இருக்கவேண்டும் என்பது பற்றி ஒரு சிறிய தர்க்கம் செய்தனர். வகுப்பறையில் சேலை கட்டிய நாளிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கின்றேன். தர்க்கத்தில் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுக்கி முடிந்தபின் அம்மா பத்துக் கொட்டைகளை ஒதுக்கி எடுத்துக்கொண்டு மேற்கு எல்லைக்குப் போய், ஆழக் குழி தோண்டித் தனித்தனியே புதைத்தார். அவை கிழங்குக்கு அல்லவாம், மரத்துக்கு. பனை பாளை தள்ளப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு வரை செல்லும். பாளை வந்த பின்னரே ஆண்பனையோ பெண்பனையோ என்று தெரியும். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. "பத்திலை அஞ்சாவது பெண்ணாய் வரும்" என்று அவரே கணக்குச் சொன்னார்.

புறப்படும் நேரத்தில்தான் ஒரு சிக்கல் முளைத்தது. கதியால்களை நிழலில் அடுக்கியாயிற்று. முதல் மழை விழுந்த மறுநாளே நட வேண்டும். பிந்தினால் செம்மண் மறுபடி இறுகிவிடும். மழையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லை. எனக்குக் கல்லூரியில் மூன்றாம் தவணைப் பரீட்சை வேலைகள். லீவு எடுக்க வழியில்லை. அடுத்த சனிவரை பொறுப்போமா என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"உனக்காக மழையைக் கட்டிவைக்க ஏலுமோ? விழுந்தால் நான் நடுவன்."

"தனியவோ?"

"கயிறு கிடக்குதுதானே" என்றார்.

கயிறு கிடக்கின்றதுதான். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டவும் இரு கை போதும். பதிலை எதிர்பார்த்து அவர் என்னையே பார்த்தபடி நின்றார். என் அப்பாவின் மகனுக்கு ஒரு கணம் என்னென்ன எண்ணங்கள் ஓடின என்பதை இங்கே எழுதமாட்டேன். அம்மா ஓட்டோவில் ஏறியிருந்தபடியே, "நடட்டும் தம்பி. நடேக்கை கிணத்தடிப் பக்கமாய் ஒரு பொட்டு விடச் சொல்லு, நான் போய்வர" என்றார். "பொட்டு எவ்வளவு அகலம்?" என்று அவர் எதிர்க்கேள்வி போட்டார். "நான் புகக்கூடியதாய்" என்றார் அம்மா.

செவ்வாய் மாலையிலிருந்து வடக்கே முகில் கறுத்தது. புதன் இரவு பத்து மணிக்கு மேல் மல்லாகத்தில் இடியோடு மழை பிடித்தது. வாடகை வீட்டின் ஓட்டில் சடசடவென்று விழுந்த ஓசையில் விழித்தேன். முற்றத்து விளக்கைப் போட்டுவிட்டு யன்னலருகில் வந்தபோது, அம்மா எனக்கு முன்னரே அங்கு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கையும் பெய்யும் என்ன?" என்று கேட்டார்.

பெய்யும் என்றேன்.